ஒன்பது பென்ஸ் மைல் கணக்கு: இங்கிலாந்தின் சிற்றூர் சொலிசிட்டர்-கொரோனரைத் தேடுகிறவர்களுக்கு

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் இறப்புச் சான்றிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நோயில் செத்தவரென்றால் தகவல் தந்தவர் கட்டத்தில் மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ இருப்பார். எழுதத் தெரியாதவரென்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆற்றில் மூழ்கியவர், வைக்கோல் வண்டியில் அடிபட்டவர் என்றால் அந்தக் கட்டத்தில் உறவினர் யாரும் இருக்கமாட்டார்கள். இன்ன கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) கொரோனர் இன்னாரிடமிருந்து தகவல் வந்தது, இன்ன தேதியில் விசாரணை நடந்தது என்று மட்டும் எழுதியிருக்கும். இலங்கைத் தமிழில் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலைதான்.

அந்த இன்னார் பெரும்பாலும் பக்கத்துச் சந்தை ஊரில் அலுவலகம் வைத்திருந்த ஒரு சொலிசிட்டர். நிலப் பத்திரம், உயில், அடமானம்தான் அவருடைய பிழைப்பு. கொரோனர் வேலை அதன்மேல் ஏறியிருந்த ஒரு தோரணை, கொஞ்சம் வருமானம். இவரைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, சாவுக் கதைகளில் மூழ்கிவிடுவது. கொலையும் தற்கொலையும் படிக்கச் சுவையானவை, ஆனால் அவற்றில் இவர் முகம் தெரியாது. இவரைப் பிடிக்கவேண்டுமென்றால் பணத்தின் பின்னால் போகவேண்டும்: யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், எதை வெட்டினார்கள்.

கொரோனர் பதவி 1194-இல் தோன்றியது. 1888-ஆம் ஆண்டுச் சட்டம் நியமன அதிகாரத்தைக் கவுண்டி கவுன்சிலிடம் கொடுக்கும்வரை, கவுண்டி கொரோனரைச் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டு உள்ளவர்களின் பத்திரங்கள் யாருடைய இரும்புப் பெட்டியில் இருந்தனவோ அவருக்கே ஓட்டு விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. சட்டமோ மருத்துவமோ தெரிந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட 1926 வரை கிடையாது. லான்செட் பத்திரிகையைத் தொடங்கிய தாமஸ் வேக்லி, பிணத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல டாக்டர்தான் வேண்டும் என்று வாதாடி, 1839-இல் மேற்கு மிடில்செக்ஸ் கொரோனராகவும் ஆனார். சிற்றூர்களில் அந்த வாதம் பெரிதாக எடுபடவில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக வருகிற கொரோனர் வழக்கறிஞர் தகுதி உள்ளவராகத்தான் இருக்கவேண்டும். கடைசியில் வென்றது சொலிசிட்டர் கட்சிதான்.

இனி கணக்குக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், இரண்டாம் ஜார்ஜ் காலத்துச் சட்டம் ஒன்று, விசாரணை ஒன்றுக்கு 20 ஷில்லிங், வசிக்கும் இடத்திலிருந்து விசாரணை இடத்துக்கு மைலுக்கு 9 பென்ஸ் என்று நிர்ணயித்தது. பணம் கவுண்டி வரியிலிருந்து வரும். காலாண்டு அமர்வில் கூடும் மாஜிஸ்திரேட்டுகள் பில்லைப் பார்த்து ஒப்புக்கொள்ளவேண்டும். இதனால் 1752 முதல் பல கவுண்டிகளின் காலாண்டு அமர்வு ஆவணங்களில் கொரோனர் பில்கள் கிடைக்கின்றன. தேதி, செத்தவர் பெயர், ஊர், சாவின் காரணம், மைல், தொகை என்று வரிசையாக ஓடும். 1837-இல் ஒவ்வொரு விசாரணைக்கும் இன்னொரு 6 ஷில்லிங் 8 பென்ஸ் சேர்த்தார்கள். பவுண்டில் சரியாக மூன்றில் ஒரு பங்கான இந்தத் தொகை, சொலிசிட்டர்கள் ஒரு கடிதத்துக்கோ ஒரு சந்திப்புக்கோ வாங்கும் வழக்கமான கட்டணம். இங்கிலாந்து மக்கள் வக்கீல்களைக் கிண்டல் செய்யச் சொன்னதும் இதே "ஆறும் எட்டும்"தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு விசாரணை. மைல் காசு 108 பென்ஸ், அதாவது 9 ஷில்லிங். அதோடு 20 ஷில்லிங், 6 ஷில்லிங் 8 பென்ஸ். மொத்தம் 1 பவுண்டு 15 ஷில்லிங் 8 பென்ஸ். குதிரைத் தீனியும் அரைநாள் வேலை இழப்பும் இதற்குள்தான். மைல் காசு போகிற வழிக்கு மட்டும், திரும்பி வருவதற்கு இல்லை. பில்லைப் படிக்கும்போது பலர் தூரத்தை இரண்டால் வகுத்துக்கொண்டு குழம்புவது இதனால்தான். வகுக்கவேண்டாம், எழுதியிருப்பதே ஒருவழித் தூரம்.

இந்தத் தூரங்களை வரைபடத்தில் வையுங்கள். அதே கிராமத்துக்கு ஈஸ்டர் பில்லில் 7 மைல், அக்டோபர் பில்லில் 11 மைல் என்று வந்தால் ஆள் வீடு மாறியிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம், ஏனென்றால் சட்டம் அளக்கச் சொன்னது வீட்டிலிருந்து. ஒரே ஒரு ஊருக்கு மட்டும் தூரம் மாறியிருந்தால் சுற்றுவழியில் போயிருப்பார், அல்லது பில்லைக் கொஞ்சம் ஊதியிருப்பார். எல்லா ஊர்களுக்கும் ஒரே பக்கமாக மாறியிருந்தால்தான் வீடு மாற்றம் என்று எழுதலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான். பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

பில்லில் கோடு போட்டு அடித்த வரிகளை விட்டுவிடாதீர்கள். வன்முறைக்கு அடையாளமே இல்லாத திடீர்ச் சாவுக்கு ஏன் விசாரணை வைத்தீர், காசுக்காகத்தானே என்று மாஜிஸ்திரேட்டுகள் பணத்தை மறுப்பார்கள். கொரோனருக்குச் சட்டக் கடமை, மாஜிஸ்திரேட்டுக்கு வரிப்பணம். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க இந்த இழுபறி நடந்தது. ஒரு கவுண்டியில் விசாரணை எண்ணிக்கை சட்டென்று சரிந்தால் ஜனங்கள் சாகாமல் இருந்தார்கள் என்று பொருள் இல்லை. முந்தின அமர்வில் எத்தனை வரி வெட்டப்பட்டது என்று பாருங்கள், காரணம் அங்கே கிடைக்கலாம். பிரேதப் பரிசோதனையின் கதையும் இதுவே. 1836-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாட்சி சொல்லும் டாக்டருக்கு ஒரு கினி (21 ஷில்லிங்), பரிசோதனையும் செய்தால் இரண்டு கினி. அதற்குமுன் டாக்டருக்குச் சட்டப்படி உரிய கட்டணம் இல்லாததால், 1836-க்கு முந்தைய விசாரணையில் டாக்டர் இல்லையென்றால் அதை அலட்சியம் என்று மட்டும் படிக்கக்கூடாது.

1860-இல் கவுண்டி கொரோனர்களுக்குச் சம்பளம் வந்தது. முந்தைய ஐந்து வருட வரும்படியின் சராசரியை வைத்துத் தொகையைத் தீர்மானித்தார்கள். அவருக்கு நிம்மதி, நமக்கு நஷ்டம். மைல் வாரியான பில் எழுத அவசியமில்லாமல் போய்விட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தடம் அந்த வருஷத்தோடு மங்குவதைப் பார்த்து, ஆள் பதவி விலகிவிட்டார் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. பத்திரிகையைத் திறந்தால் அவர் இன்னும் இருபது வருஷம் விசாரணை நடத்திக்கொண்டிருப்பார்.

விசாரணைத் தாள்கள் எங்கே போயின என்ற கேள்வி அடுத்தது. கொரோனருக்கு அரசு அலுவலகம் கிடையாது. சாட்சி வாக்குமூலங்கள் அவருடைய சொந்த அலுவலக அலமாரியில், அடமானப் பத்திரங்களோடு கிடந்தன. அவர் செத்ததும் மகனிடமோ தொழில் பங்காளியிடமோ போயின, அல்லது அடுப்புக்குப் போயின. 20-ஆம் நூற்றாண்டிலும் பழைய தாள்கள் பெருமளவில் கழிக்கப்பட்டன. மிஞ்சியவை கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். 75 வருடத்துக்கு உட்பட்டவை பொதுப் பார்வைக்குக் கிடைக்காது.

இதற்கு வின் எட்வின் பாக்ஸ்டரைவிட நல்ல உதாரணம் இல்லை. 1844-இல் சசெக்ஸின் லூயிஸ் ஊரில் பிறந்தவர். தாத்தா ஜான் பாக்ஸ்டர் அங்கே அச்சகமும் பதிப்பும் நடத்தியவர். பெரியப்பா ஜார்ஜ் பாக்ஸ்டர் எண்ணெய் வண்ண அச்சுக்கு 1835-இல் காப்புரிமை வாங்கியவர், 1867-இல் குதிரை ஆம்னிபஸ் விபத்தில் காயம்பட்டு இறந்தார். வின் 1867-இல் சொலிசிட்டரானார், 1880-இல் சசெக்ஸில் கொரோனர். 1881-இல் லூயிஸ் பரோ, அதாவது தனி நகராட்சி உரிமை பெற்ற ஊர், ஆனபோது முதல் மேயரும் அவர்தான். 1887 முதல் லண்டனின் கிழக்குப் பகுதிக்குக் கொரோனர். 1888-இல் லண்டனின் வைட்சேப்பலில், ஜாக் தி ரிப்பர் கொலைகள் என்று பேசப்படும் வரிசையில் கொலையுண்ட மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட் மூவரின் விசாரணையும் இவர் முன்னால்தான் நடந்தது. பல நாட்கள் ஒத்திவைத்து ஒத்திவைத்து நடத்தினார். உலகமே தேடுகிற அந்த விசாரணைகளின் மூலத்தாள்கள் இன்று இல்லை, பத்திரிகைச் செய்தியை வைத்துத்தான் படிக்கிறோம். அதே வரிசைக் கொலைகளில் கேதரின் எடோஸின் விசாரணையை நடத்தியவர் லண்டன் சிட்டியின் கொரோனர் லாங்ஹாம். மேரி கெல்லியின் விசாரணையை ஒரே நாளில் முடித்தவர் பக்கத்து மாவட்டத்தின் மெக்டொனால்ட். அந்த இரண்டின் தாள்களும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இவ்வளவு புகழ்பெற்ற வழக்குக்கே இந்தக் கதி என்றால், கிராமத்துக் குளத்தில் விழுந்த குழந்தையின் தாள் கிடைக்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

பாக்ஸ்டரைச் சாவு விசாரணைக்காரராக மட்டும் பார்த்தாலும் ஆள் பாதிதான். கவிஞர் மில்டனின் பழைய பதிப்புகளைச் சேர்த்தவர், டயட்டம் என்னும் நுண்பாசிகளைப் பற்றிய வான் ஹியூர்க்கின் நூலை 1896-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். சிற்றூர் சொலிசிட்டர்களில் இந்த மாதிரி ஆட்கள் நிறைய. உள்ளூர் தொல்லியல் சங்கம், இயற்கை வரலாற்றுச் சங்கம் ஆகியவற்றின் பழைய உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

நீங்கள் தேடுகிற ஆள் சொலிசிட்டராக உருவான கதைக்கு ஆர்ட்டிகிள்ஷிப் ஒப்பந்தம் வேண்டும். சென்னையில் சி.ஏ. படிக்கிறவர்கள் இன்றைக்கும் சொல்கிற அதே வார்த்தைதான். 1728-29-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து ஐந்து வருஷம் ஒரு அட்டர்னியிடம் (சொலிசிட்டருக்கு இணையான வக்கீல்) ஒப்பந்தத்தில் வேலை பார்க்கவேண்டும். 1749-க்குப் பிறகு அந்த ஒப்பந்தத்தை உறுதிசெய்யும் பிரமாணப் பத்திரம் நீதிமன்றத்தில் தாக்கலாகும். தகப்பனார் பெயர், ஊர், குருவின் பெயர் எல்லாம் அதில் உண்டு. லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கின்றன. 1756 முதல் 1874 வரையிலானவை ஆன்செஸ்ட்ரி என்னும் வம்சாவளித் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை மட்டும் 80 பவுண்டு. குருவுக்குக் கொடுக்கும் தொகை தனி. மகன் அப்பாவிடமே சேர்ந்தால் அந்தத் தொகை மிச்சம், தீர்வை மட்டும் தப்பாது. கொரோனர் பதவி ஒரே குடும்பத்தில் சுற்றியதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு. 1843-ஆம் ஆண்டுச் சட்டம் துணைக் கொரோனரை வைத்துக்கொள்ள வழி செய்தது. அந்த இடத்தில் மகனை உட்காரவைத்துப் பழக்கிவிட்டால், அடுத்த தேர்தலில் ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த முகம் அவன்தான்.

லா லிஸ்ட் என்னும் வக்கீல்களின் வருடாந்திரப் பட்டியல் 1775 முதல் உண்டு. பெயருக்குப் பின்னால் அவர் வகித்த பதவிகள் சுருக்கமாக வரும்: மாஜிஸ்திரேட்டுகளின் குமாஸ்தா, ஏழைகள் நல யூனியனின் குமாஸ்தா, சுங்கச் சாலை அறக்கட்டளையின் குமாஸ்தா, பண்ணையின் ஸ்டீவர்டு, அதாவது நிர்வாகி. ஒவ்வொரு பதவியும் ஒரு தனி ஆவணக் குவியல். ஸ்டீவர்டாக இருந்திருந்தால் காப்பிஹோல்டு நிலங்களின், அதாவது பண்ணைப் பதிவேட்டில் எழுதியதே உரிமைச் சான்றான நிலங்களின், பதிவேடு அவரிடம் இருந்திருக்கும். அந்த நில முறை 1926 தொடக்கத்தில் ஒழியும்வரை கிராமத்தில் யார் நிலம் யாருக்குப் போனது என்பது அவர் கையில். காப்பகத்தின் தேடலில் ஆளின் பெயரைவிட அலுவலகத்தின் பெயரைப் போடுங்கள். தொழில் பங்காளிகள் மாறமாற அலுவலகப் பெயரும் மாறும். அந்தப் பெயர்ச் சங்கிலியை முதலில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

குடும்பத்துக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841-இல் பதினைந்துக்கு மேற்பட்ட வயதுகளை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள், உறவுமுறையும் கிடையாது. அதை வைத்துப் பிறந்த வருஷம் கணக்கிடாதீர்கள். 1851-இலிருந்து உறவும் பிறந்த ஊரும் வருகின்றன. தொழில் கட்டத்தில் ஒரு தரம் அட்டர்னி, இன்னொரு தரம் சொலிசிட்டர் என்று இருந்தால் இரண்டு ஆட்கள் என்று நினைக்கவேண்டாம். இரண்டு பட்டங்களும் 1875 நவம்பரில்தான் ஒன்றாயின. வீட்டில் உறவில்லாத ஓர் இளைஞன் ஆர்ட்டிகிள்டு கிளார்க் என்று இருந்தால் அவன் நாளைய சொலிசிட்டர். சாதாரண சொலிசிட்டர் கிளார்க் என்றால் வாழ்நாள் குமாஸ்தா. இந்த இருவரையும் குழப்பி, குமாஸ்தா மகனுக்கு வக்கீல் பட்டம் கட்டிய வம்சாவளிகள் இணையத்தில் ஏராளம்.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் பிறந்து இறந்த குழந்தைகளைப் பிடிக்கப் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணை போதும். அதில் 1837 முதலே தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயர் உண்டு. ஒரு தேடலில் ஒரு வருஷமும் முன்பின் இரண்டு வருஷமும்தான் கிடைக்கும், ஆண் பெண் தனித்தனியாகத் தேடவேண்டும். இருபது வருஷத் தாம்பத்தியத்துக்கு எட்டுத் தேடல். பதிவு மாவட்டம் ஒத்துப்போகிற பெயர்களை எடுத்து, அதே பெயர்களை இறப்பு அட்டவணையில் ஓட்டுங்கள். அங்கே வயதும் இருக்கும். 1911 கணக்கெடுப்பில் மனைவி உயிரோடு இருந்தால் பிறந்த குழந்தைகள் எத்தனை, இறந்தவை எத்தனை என்று எழுதியிருக்கும். உங்கள் எண்ணிக்கையைச் சரிபார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

உயிலுக்கு 1858 ஜனவரி 12 ஒரு மதில். அதற்கு முன் திருச்சபை நீதிமன்றங்கள், அதற்குப் பின் அரசுப் பதிவகம். பதிவகத்தின் அச்சுப் பட்டியலில் வரும் சொத்து மதிப்பை நம்பி ஏழை பணக்காரன் என்று எழுதிவிடவேண்டாம். 1898 வரை அதில் நிலமும் வீடும் சேராது. ஊரில் பாதித் தெருவை வாங்கிப்போட்ட சொலிசிட்டர் அங்கே "இன்ன தொகைக்குக் கீழ்" என்று சின்ன எண்ணில் நிற்பார்.

பெயர்க் குழப்பம் தனித் தலைவலி. அப்பாவும் மகனும் ஒரே பெயர், ஒரே அலுவலகம், ஒரே பதவி. மகன் பெயருக்குப் பின்னால் இருந்த ஜூனியர் எப்போது உதிர்கிறது என்று பாருங்கள். அது பெரும்பாலும் அப்பா செத்த பிறகு. பத்திரிகைக்காரர் துணைக் கொரோனரையும் கொரோனர் என்றே எழுதிவிடுவார். எல்லைக் குழப்பமும் உண்டு. 1835-க்குப் பிறகு சொந்தக் காலாண்டு நீதிமன்றம் உள்ள பரோக்களுக்குத் தனிக் கொரோனர். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மாதிரிப் பழைய தனியுரிமைப் பகுதிகளுக்கு வேறு ஆள். எங்கே அடிபட்டார் என்பதைவிட உடல் எங்கே கிடக்கிறது என்பதே எந்தக் கொரோனர் என்பதைத் தீர்மானித்தது. ஆறு அடித்துக்கொண்டு போன உடலென்றால் பக்கத்துக் கவுண்டியிலும் தேடவேண்டும்.

பத்திரிகைத் தேடலில் செத்தவர் பெயரைவிடக் கொரோனர் பெயரும் கிராமமும் நல்ல விளைவு தரும். பழைய அச்சை எந்திரம் படிக்கும்போது பெயர்கள் சிதையும், ஆனால் கொரோனர் பெயர் எல்லாச் செய்தியிலும் வருவதால் எங்காவது ஓரிடத்தில் சரியாக விழுந்திருக்கும். தேதிக்குப் பின்னால் அல்ட் என்ற சுருக்கம் இருந்தால் போன மாதம், இன்ஸ்ட் என்றால் இந்த மாதம். விசாரணை நடந்த இடம் பெரும்பாலும் சாராயக்கடைதான், கிராமத்தில் பன்னிரண்டு ஜூரர்கள் உட்கார வேறு கூடம் ஏது? 1902-ஆம் ஆண்டு மதுக்கடைச் சட்டம்தான் வேறு இடம் இருந்தால் அங்கே நடத்தச் சொன்னது.

சின்ன ஊரில் இந்த வேலை எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு 1855 டிசம்பரில் ஸ்டாஃபோர்ட்ஷயரின் ரூஜ்லி. ஜான் பார்சன்ஸ் குக் என்பவரின் சாவை விசாரித்தவர் ஸ்டாஃபோர்ட் சொலிசிட்டர் வில்லியம் வெப் வார்டு. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே சந்தேகத்துக்குரிய டாக்டர் வில்லியம் பால்மர் அவருக்கு வான்கோழி, கோட் மீன், ஒரு பீப்பாய் சிப்பி, ஒரு ஜோடி ஃபெசன்ட் என்னும் வேட்டைப் பறவை அனுப்பினார். பிறகு பணமும் போனது. ஜூரி வேண்டுமென்றே செய்த கொலை என்றே தீர்ப்புச் சொன்னது. பால்மர் 1856 ஜூன் 14 அன்று ஸ்டாஃபோர்டில் தூக்கிலிடப்பட்டார். நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தாலும் கொரோனர் ஊருக்குத் தெரிந்த வக்கீல்தான், ஊரே அவரிடம் கட்சிக்காரர் மாதிரிப் பழகியது.

இவ்வளவையும் சேர்த்தபின் நீங்கள் தேடுகிற கொரோனரின் சொந்த இறப்புச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். தகவல் தந்தவர் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு மகன் இருப்பான், "சாகும்போது உடனிருந்தவர்" என்று எழுதி. அங்கேயும் ஒரு கொரோனரின் பெயர் இருந்தால் அது துணைக் கொரோனரா, பக்கத்து மாவட்டக்காரரா என்று பாருங்கள். உடனே அந்த வார உள்ளூர்ப் பத்திரிகையையும் எடுத்துவிடுங்கள்.